ஒன்றரை நூல் இடைவெளி: பழைய காரின் கதவும் பானெட்டும் வரிசைக்கு வருவது எப்படி

அப்பாவின் அம்பாசிடரைப் பெயின்ட் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தெருவே வந்து பார்த்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெரு குறுகல். வண்டியை உள்ளே விடுவதற்குள் நாலு பேர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள்தான். முன் கதவின் பின் விளிம்பில் பெயின்ட் தெறித்து, விரல் நக அளவுக்குத் தகரம் எட்டிப் பார்த்தது. பானெட்டைத் திறந்து மூடியதில் அதன் மூலை மட்கார்டில் ஒரு கோடும் இழுத்துவிட்டது.

சண்டை போடும் நினைப்போடுதான் பெயின்டரிடம் போனேன். அவர் பேசவே இல்லை. 4 மி.மீ. டிரில் பிட் ஒன்றை எடுத்தார். அதன் வழவழப்பான காம்புப் பக்கத்தை முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் விட்டுக் காட்டினார். கீழே தாராளமாகப் போனது. கைப்பிடிக்கு மேலே நுழையவே இல்லை. "பெயின்டு என்னங்க பண்ணும்? கதவு கதவையே உரசுது. டிங்கரிங் பார்க்காம எங்கிட்ட கொண்டாந்துட்டீங்க" என்றார். கலர் எதுவென்று முடிவு செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொண்ட நான், கதவு நேராக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கூடப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அதன்பிறகு ராயக்கோட்டை சாலையில் தகரம் தட்டி நேராக்கும் ஒரு டிங்கரிங் பட்டறையில் விடுமுறை நாட்களை எல்லாம் கழித்தேன். அங்கே பார்த்ததையும் கையால் செய்ததையும் வைத்து, புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்று. பட்டறையில் இதைக் கேப் என்பார்கள். ஒரு தகடு பக்கத்துத் தகட்டைவிட வெளியே துருத்திக்கொண்டோ உள்ளே அமுங்கியோ இல்லாமல் இருப்பது மட்டம். முன் மட்கார்டில் தொடங்கும் மடிப்புக் கோடு கதவுகளைக் கடந்து பின்னால் வரை உடையாமல் ஓடுவது லைன். கேப் சரியாக இருந்து மட்டம் தப்பலாம், மட்டம் சரியாக இருந்து லைன் உடையலாம். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று நகர்வதுதான் இந்த வேலையின் தொல்லையே.

கேப் எவ்வளவு இருக்க வேண்டும்? எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் இன்னும் நூல் கணக்குதான் பேசுகிறார்கள். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஆக ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். "ஒன்றரை நூல் விடு" என்றால் ஏறக்குறைய 5 மி.மீ. பழைய காருக்கு 4 முதல் 5 மி.மீ. என்பது நல்ல அளவு. அதைவிட முக்கியம், மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருப்பது. எல்லாப் பக்கமும் 6 மி.மீ. இருந்தால் கண் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது. மேலே 3, கீழே 6 என்றால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் தயாரான வண்டி. நான் பார்த்த வரையில், அடிபடாத வண்டியில்கூடக் கேப் தலைமுடி வகிடு எடுத்தாற்போல் இருந்ததில்லை. இன்றைய காரை மனதில் வைத்துக்கொண்டு அதை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாசக்கால் கோணினால்

வீட்டில் மரக்கதவு மூடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைக்கச் சொல்கிறோம். இரண்டு மழை கழித்து மறுபடி மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் கோணியது வாசக்கால், கதவு அல்ல. காரிலும் அப்படித்தான். அம்பாசிடருக்குத் தனிச் சேஸி, அதாவது பாடியை அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டம், கிடையாது, தகரப் பெட்டியேதான் எலும்பு. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் பகுதி துருப்பிடித்து இற்றுவிட்டால், நான்கு சக்கரத்தின் மேல் நிற்கும் வண்டி நடுவில் தொய்யும். நடு தொய்ந்தால் கதவு உட்காரும் சட்டத்தின் மேல் பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். அந்த டிரில் பிட் கீழே போய் மேலே நுழையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மேஸ்திரி சொன்னபோதுதான், இந்த இடைவெளியை ஜோசியக் கட்டம் மாதிரி படிக்கலாம் என்று எனக்கு உறைத்தது.

சட்டம் கோணலா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். கொத்தனார் அறை கட்டும்போது மூலைக்கு மூலை நூல் பிடிக்கிறாரே, அதேதான். கதவைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் மேல் முன் மூலையிலிருந்து கீழ்ப் பின் மூலைக்கு டேப் பிடித்து அளவு எழுதிக்கொள்ளுங்கள். மற்ற குறுக்களவையும் எடுங்கள். அப்புறம் வண்டியின் எதிர்ப்பக்கச் சட்டத்திலும் இதே இரண்டு அளவு. கார்க் கதவுச் சட்டம் செவ்வகம் அல்ல, அதனால் ஒரே பக்கத்தின் இரண்டு குறுக்களவும் சமமாக வராது. வலதும் இடதும்தான் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. அரை இன்ச் என்றால் கதவைத் தொடாதீர்கள், முதலில் சில்லைப் பாருங்கள்.

அளக்கும்போது வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், டயர்களில் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கேப் பார்த்தால் பொய்யான அளவுதான் கிடைக்கும். இற்றுப்போன சில்லை வெட்டி எடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பே கதவுச் சட்டத்தின் குறுக்கே ஆங்கிள் கம்பியை வெல்டு வைத்து முட்டுக் கொடுத்துவிட வேண்டும். முட்டு இல்லாமல் வெட்டிய வண்டி ஒன்று அந்தப் பட்டறையில் வேறு எங்கிருந்தோ வந்து நின்றது. புது சில் பளபளவென்று இருந்தது, ஆனால் நான்கு கதவில் ஒன்றுகூட மூடவில்லை. கோணலாக நின்ற வண்டியை அப்படியே நிரந்தரமாக ஒட்டிவிட்டிருந்தார்கள்.

கீல்

சட்டம் சரி என்று தெரிந்த பிறகு கீல். "வாலைப் பிடிச்சுத் தூக்கிப் பாரு தம்பி" என்றார் மேஸ்திரி. கதவைப் பாதி திறந்து, லாக் இருக்கும் பக்கத்தைக் கையால் மேலே தூக்க வேண்டும். என் கதவு "க்ளக்" என்று ஆடியது. மேல் கீலின் பின், அதாவது கீலின் நடுவே ஓடும் இரும்பு ஆணி, தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அந்தப் பின்னைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் ஒரு பக்கம் மட்டும் பென்சில் சீவியது போல் ஒடுங்கியிருந்தது. முப்பது வருடம் கதவின் எடை அதே இடத்தில் உட்கார்ந்த அடையாளம். தேய்மானம் என்னவோ ஒரு மி.மீ. இருக்கும்.

அந்த ஒரு மி.மீ. எவ்வளவாகப் பெருகும் என்று பாருங்கள். இரண்டு கீலுக்கும் நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீலில் 1 மி.மீ. விலகினால் வால் பக்கம் 90-ஐ 40-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.25 மி.மீ. இறங்கும். முக்கால் நூல்! விட வேண்டிய இடைவெளியே ஒன்றரை நூல் என்னும்போது அதில் பாதி ஒரு பின் தேய்மானத்திலேயே போய்விடுகிறது. இதைக் கவனிக்காமல் கதவின் லாக் வந்து மாட்டிக்கொள்ளும், தூணில் உள்ள ஸ்ட்ரைக்கரை மேலும் கீழும் நகர்த்திச் சரிக்கட்டும் வழக்கம் உண்டு. அப்போது ஒவ்வொரு முறை மூடும்போதும் கதவு ஸ்ட்ரைக்கர் மேல் ஏறி உட்காரும், திறந்தால் தொங்கும். லாக்கின் வேலை பிடித்துக்கொள்வதுதான், கதவைத் தூக்கிச் சுமப்பது அல்ல. எனவே கதவைச் சரிசெய்து முடிக்கும் வரை ஸ்ட்ரைக்கரைக் கழற்றியே வைத்துவிடுங்கள். கதவு எந்த உதவியும் இல்லாமல் காற்றில் தானாக எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் உண்மையான இடம்.

தேய்ந்த பின்னுக்கு வைத்தியம் எளிது. ஓட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக்கி அதற்கேற்ற பின் போடலாம், அல்லது பித்தளை புஷ் கடைந்து போடலாம். ஓசூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை.

புதுப் பின் போட்டும் வால் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஷிம், அதாவது கீலுக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகட்டுத் துண்டு. கீழ்க் கீலுக்குப் பின்னால் வைத்தால் கதவின் அடிப்பக்கம் பின்னுக்குத் தள்ளப்படும், அதனால் வால் மேலே எழும். மேல் கீலுக்குப் பின்னால் வைத்தால் வால் இறங்கும். முதலில் எனக்கு இது தலைகீழாகத்தான் பட்டது. ஒரு அட்டைத் துண்டை மேசைமேல் வைத்து, ஒரு பக்கத்து மேல் மூலையைக் குண்டூசியால் குத்திக்கொண்டு, அதன் அடி மூலையைத் தள்ளிப் பாருங்கள், புரிந்துவிடும். மேலே சொன்ன கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். 1 மி.மீ. ஷிம் வைத்தால் வால் இரண்டே கால் மி.மீ. ஏறும். அதனால் அரை மி.மீ.யில் தொடங்குவது நல்லது. சில பட்டறைகளில் கீல் இடுக்கில் கட்டையைக் கொடுத்துக் கதவை அழுத்தி, கீலையே வளைத்துக் கேப் கொண்டுவருவார்கள். நொடியில் முடிகிற வேலைதான். கீல் விரிசல் விட்டால் பழைய வண்டிக்கு வேறு கீல் எங்கே தேடுவது? எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கண்ணுக்கு முதலில் படுவது பானெட் என்பதால் முன்னாலிருந்து தொடங்குவார்கள். வண்டியில் நகராத பகுதி எது என்று கேட்டுப் பாருங்கள். பின் கதவுக்குப் பின்னால், கூரையோடு வெல்டு ஆகியிருக்கும் தூண். அதை அசைக்க முடியாது. ஆகவே பின் கதவை அந்தத் தூணுக்கும் சில்லுக்கும் பொருத்துங்கள். அப்புறம் முன் கதவைப் பின் கதவுக்கு, மட்கார்டை முன் கதவுக்கு, கடைசியில் பானெட்டை இரண்டு மட்கார்டுக்கும். அம்பாசிடரின் முன் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது, ஓட்டைகளில் கொஞ்சம் இடம் கொடுக்கும். எல்லா போல்ட்டையும் பாதி முறுக்கில் வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். பின்னால் நடந்த சின்னத் தப்பெல்லாம் முன்னால் வந்து சேரும்போது அங்கே விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது. எதிர்த்திசையில் வந்தால் தப்பெல்லாம் அசையாத தூணில் வந்து முட்டி நிற்கும்.

எல்லா வண்டிக்கும் இதுவே வழி என்று நினைத்துவிட வேண்டாம். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸி உண்டு. பாடியே பல துண்டுகளாகப் போல்ட் போட்டு அதன்மேல் உட்காரும். அதில் கதவுக் கேப்பைக் கீலில் மட்டும் தேடினால் கிடைக்காது. பாடிக்கும் சேஸிக்கும் நடுவே எத்தனை ஷிம் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பானெட் இரண்டு மட்கார்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகக் கவிழும் வண்டி அது. ஒரு ஹெரால்டை வரிசைக்குக் கொண்டுவந்தவருக்கு நான் தனி மரியாதை கொடுப்பேன்.

சுத்தியலும் டோலியும்

கதவு சரியான இடத்தில் நின்றாலும் அதன் தோல் நசுங்கியிருந்தால் மட்டம் வராது. டொக்கு எடுப்பது என்றால் உள்ளேயிருந்து சுத்தியலால் ஓங்கி அடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய கார்த் தகரம் 20 கேஜ், அதாவது கிட்டத்தட்ட 0.9 மி.மீ. இருக்கும். இன்றைய கார்களைவிடக் கனம்தான். அதனால் அடியைத் தாங்கும், ஆனால் அடித்ததை மறக்கவும் மாட்டேன் என்கிறது.

டோலி என்பது கையில் அடங்கும் இரும்புக் கட்டி. ஒன்று குழவிக்கல் முனை மாதிரி வளைந்திருக்கும், இன்னொன்று சோப்புக் கட்டி மாதிரி தட்டையாக. தகரத்தின் ஒரு பக்கம் டோலி, மறுபக்கம் சுத்தியல். டோலிக்கு நேர் மேலே அடித்தால் "டிங்" என்று கணீர்ச் சத்தம் வரும். நடுவில் மாட்டிய தகரம் மெலிந்து அகலும். டோலியைக் குழியின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மேடு தட்டிய இடத்தில் அடித்தால் சத்தம் மந்தமாக இருக்கும். மேடு இறங்கும், டோலி குழியை மேலே உந்தும், தகரம் அகலாது. தொடக்கத்தில் முக்கால்வாசி வேலையை இந்த இரண்டாவது முறையில்தான் செய்ய வேண்டும். மேஸ்திரி கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். டீ குடித்துக்கொண்டே, "டிங்கு டிங்குனு அடிக்காத, தகரம் நீளுது" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வார்.

தகரம் நீண்டுவிட்டால் எப்படித் தெரியும்? எண்ணெய் டின்னின் பக்கத்தை அமுக்கினால் "டப்" என்று உள்ளே போய், விட்டால் "டப்" என்று வெளியே வருமே, கதவுத் தகடும் அப்படி ஆடும். இருக்கும் இடத்தைவிடத் தகரம் அதிகமாகிவிட்டது. அதைச் சுருக்கத் தீ வேண்டும். மேட்டின் உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் கேஸ் வெல்டிங் முனையால் சிவக்கக் காய்ச்சி, உடனே லேசாகத் தட்டி, ஈரத் துணியை ஒற்றுவார்கள். காய்ந்த இடம் விரியப் பார்க்கும், சுற்றிலும் குளிர்ந்த தகரம் வேலி போட்டிருப்பதால் பக்கவாட்டில் விரிய முடியாமல் தடித்துக்கொள்ளும். ஆறும்போது சுற்றியுள்ளதையும் இழுத்துக்கொண்டு சுருங்கும். அளவு மீறினால் கதவு முழுக்க அலை அலையாக ஆகிவிடும். இதை உங்கள் கதவில் முதல் முறை முயல வேண்டாம். காயலான் கடையில் ஒரு பழைய கதவு வாங்கி அதில் பழகுங்கள்.

மேடு பள்ளம் கண்டுபிடிக்க மேஸ்திரி இரண்டு வழி வைத்திருந்தார். உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய துணியை வைத்துத் தடவுவது ஒன்று. துணி வழுக்குவதால் கைக்குச் சின்னப் பள்ளமும் தட்டுப்படும். இன்னொன்று டியூப் லைட். கிருஷ்ணகிரி கிரானைட் கடையில் பலகை வாங்கப் போனவர்கள் குனிந்து, அதில் லைட் நேராகத் தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அதே பார்வைதான். பெயின்ட் இல்லாத தகரத்தில் தண்ணீரைத் தடவிவிட்டுப் பார்த்தால் லைட்டின் பிம்பம் எங்கே நெளிகிறதோ அங்கே வேலை பாக்கி.

பெயின்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டி போடாத பழைய கார் என்பது பேச்சுக்குத்தான். தட்டிச் சரிசெய்த தகரத்தின் மேல் ஒன்றிரண்டு மி.மீ. பட்டி தப்பே இல்லை. ஒரு இன்ச் குழியைப் பட்டியால் நிரப்பினால் வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கையில் வெடிக்கும், உள்ளே ஈரம் சேர்ந்து துரு ஓடும். வண்டி வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பக்கத்தில் வைத்தால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாமல் விழும். பட்டியால் கேப்பை நெருக்குவதும் நடக்கிறது. விளிம்பில் பூசிய பட்டி முதலில் தெறிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

பெயின்டுக்கு முன்னால், வெறும் தகரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். கதவைச் சுற்றி ஓடும் புது ரப்பர் பீடிங் உட்பட. புது ரப்பர் கனமாக இருக்கும், கதவை வெளியே தள்ளும். பழைய ரப்பரோடு மட்டம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பெயின்டும் கனம்தான். பிரைமரிலிருந்து கடைசிக் கோட்டு வரை சேர்ந்து ஒரு விளிம்பில் கால் மி.மீ. வரை ஏறலாம், எதிர் விளிம்பிலும் அதே. ஆக அரை மி.மீ. போய்விடும். அதனால் வெறும் தகரத்தில் கேப்பை அந்த அளவுக்குக் கூடுதலாக விட வேண்டும். எல்லாம் பொருந்தியதும் கீல் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஊசிமுனையால் கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பெயின்டுக்கு அப்புறம் மாட்டும்போது அந்தக் கீறல்தான் வழிகாட்டி. மாட்டும்போது விளிம்புகளில் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பானெட்டை முதல் முறை இறக்கும்போது ஆளுக்கு ஒரு மூலையாக இரண்டு பேர் நின்று, பாதியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். என் மட்கார்டில் விழுந்த கோடு, நான் தனியாக, அவசரத்தில் மூடியதன் பலன்.

50 வருடம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி அப்படிப்பட்ட வண்டிகளுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். கேப் வரவில்லை என்பதற்காக வேறு வண்டியின் முன்பகுதியை வெட்டி ஒட்டும் யோசனை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டிக்கு மேல் கீல் பின் இரண்டும் புதிது, வலது சில்லில் ஒரு பேட்ச், கீழ்க் கீலில் அரை மி.மீ. ஷிம். கடைசிச் சோதனையாகச் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, கதவில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். சுற்றிலும் ரப்பர் ஒரே இறுக்கத்தில் பிடித்தது. இடது பின் கதவின் அடியில் மட்டும் இடைவெளி இன்னும் கால் நூல் அதிகம். அதைச் சரிசெய்ய அசையாத அந்தத் தூணில் கைவைக்க வேண்டியிருக்கும். "விட்டுரு தம்பி, அது அங்கியே இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. விட்டுவிட்டேன்.